அமெரிக்கக் கல்லூரித் தடகள அணியில் இடம் தேடிய இரண்டு ஆண்டுகள்

திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தின் மணல் குழியில் மும்முறைத் தாண்டுதல் பழகிய நாட்களில், விளையாட்டின் வழியாகக் கல்லூரிக்குப் போவது என்றால் என் மனத்தில் இருந்தது விளையாட்டு ஒதுக்கீடு ஒன்றுதான். அதற்கு விண்ணப்பத் தேதி உண்டு, சான்றிதழ்களுக்கு மதிப்பெண் உண்டு, தரவரிசைப் பட்டியல் வரும், நம் பெயர் இருந்தால் கூப்பிடுவார்கள். 2022 ஜனவரியில், நான் ஒன்பதாம் வகுப்பின் நடுவில் இருந்தபோது, அப்பாவின் வேலைக்காக டெக்சாஸில் டாலஸ் புறநகர் ஒன்றுக்குக் குடிவந்தோம். ஊர் மாறியதே தவிர, நன்றாகத் தாண்டினால் யாராவது கூப்பிடுவார்கள் என்ற எண்ணத்தை நான் கூடவே எடுத்து வந்துவிட்டேன். அந்த ஓர் எண்ணம் எங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ 5,000 டாலர் செலவு வைத்தது, என் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் நிம்மதியையும் பறித்தது. இப்போது ஒஹாயோவில் உள்ள ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு) கல்லூரியில் முதலாம் ஆண்டை முடிக்கப் போகிறேன். என்னைப் போல விசாவில் வந்து, வீட்டில் கேட்க ஆள் இல்லாமல் இதில் இறங்கும் பிள்ளைகளுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாங்கள் செய்த தவறுகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருந்தது. அப்பா எச்-1பி வேலை விசாவிலும், அம்மாவும் நானும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவிலும் இருந்தோம். எச்-4 விசாவில் உள்ள மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவியும் அரசுக் கல்விக் கடனும் கிடையாது. ஃபாஃப்ஸா என்று எல்லோரும் சொல்லும் அந்த அரசு உதவி விண்ணப்பம் எங்களுக்கானதே அல்ல. பத்தாம் வகுப்பில் இதைத் தெரிந்துகொண்ட அன்று, விளையாட்டு உதவித்தொகை ஒன்றுதான் வழி என்று நாங்கள் மூவரும் முடிவு கட்டிவிட்டோம். அந்த முடிவே தவறு. என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. டிவிஷன் 1, டிவிஷன் 2 கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தரலாம், டிவிஷன் 3 கல்லூரிகள் தரக் கூடாது. டிவிஷன் 1-இல் இருந்தாலும் ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. உதவித்தொகை உள்ள இடங்களிலும் தடகளத்தில் முழுத் தொகை பெறுபவர்கள் குறைவு, பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, டிவிஷன் 3 கல்லூரிகள் பல படிப்பின் அடிப்படையில் தங்கள் சொந்த நிதியிலிருந்து பெரிய தொகை தருகின்றன, அவற்றில் சில விசா மாணவர்களுக்கும் தருகின்றன. இந்த ஒரு பத்தி எனக்குப் பத்தாம் வகுப்பில் தெரிந்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் தடகள மாணவர்களுடன் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ பேசத் தொடங்க விதி அனுமதிக்கும் நாள், பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15. எனக்கு அது 2023 ஜூன் 15. அதற்கு முந்தைய பருவத்தில் நான் 35 அடி 2 அங்குலம் தாண்டியிருந்தேன், நம் கணக்கில் 10.72 மீட்டர். நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததுமே செய்திகள் வரும் என்று அணித் தோழிகள் சொல்லியிருந்ததால், தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். அணியில் இருந்த ஓர் ஓட்டக்காரிக்குக் காலைக்குள் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு அன்றும் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. அம்மா கேட்டபோது, “இன்னும் நேரம் இருக்கிறது அம்மா” என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். அந்த ஓட்டக்காரி ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பயிற்சியாளர்களுக்கு எழுதி வந்தாள் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. விதி கட்டுவது பயிற்சியாளரின் கையைத்தான், மாணவரின் கையை அல்ல. ஜூன் 15-க்கு முன் அவர்கள் பதில் எழுத முடியாவிட்டாலும், நாம் அனுப்புவதைப் படிக்கிறார்கள், குறித்து வைக்கிறார்கள். டிவிஷன் 3 பயிற்சியாளர்களுக்கோ மின்னஞ்சலில் அந்தத் தடையே இல்லை.

அந்த ஜூலையில்தான், மாணவர்களைக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அறிமுகப்படுத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் மகளின் பதிவுகளைப் பார்த்தோம், கல்லூரி அளவில் ஆடக்கூடிய திறமை தெரிகிறது, ஆனால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று அந்த அம்மையார் முக்கால் மணி நேரம் அப்பாவிடம் பேசினார். கட்டணம் 2,800 டாலர், நான்கு தவணைகளில் கட்டலாம். அந்த ஆண்டு டிசம்பரில் அப்பாயியைப் பார்க்கத் திருச்சிக்குப் போவதாக இருந்தோம். அந்தப் பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு அப்பா பணத்தைக் கட்டினார். ரசீதை அச்செடுத்து, விசாத் தாள்களும் பாஸ்போர்ட்டுகளும் இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே பத்திரமாக வைத்தார். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது என் படமும் பதிவுகளும் கொண்ட ஒரு பக்கமும், என் பெயரில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் போன ஒரே மாதிரியான மின்னஞ்சலும்தான். மும்முறைத் தாண்டுதல் பயிற்சியாளரே இல்லாத அணிகளுக்கும் அது போயிருந்தது. எட்டு மாதங்களில் அதன் வழியாக ஒரு பயிற்சியாளர்கூட என்னிடம் பேசவில்லை. எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன், நான் பார்த்தது ஒன்றைத்தான். ஆனால் பயிற்சியாளர்களின் முகவரிகள் கல்லூரி அணிகளின் தளங்களில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றன, போட்டி முடிவுகளும் பொதுவில் இருக்கின்றன, கடிதத்தை நம்மைவிட நன்றாக யாரும் எழுதிவிட முடியாது. பணம் கட்டி ஆள் வைப்பதற்கு முன், உங்கள் கையால் முப்பது கடிதங்களாவது எழுதிப் பாருங்கள்.

கல்லூரிகளில் நடக்கும் பயிற்சி முகாம்கள் அடுத்த செலவு. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து என் பெயர் போட்டு, சிறப்பு அழைப்பு என்று ஒரு கடிதம் வந்தது. பதிவுக் கட்டணம், எனக்கும் அப்பாவுக்கும் விமானம், இரண்டு இரவு விடுதி என்று 1,300 டாலர் ஆனது. போய்ப் பார்த்தால் இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், எங்கள் நெஞ்சில் எண் ஒட்டிய காகிதம். தாண்டுதல் பயிற்சியாளர் இரண்டு நாட்களில் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை, அதுவும் “எண் 143, அடுத்தது நீ” என்று. அப்பா வேலிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, நான் திரும்பிப் பார்த்த போதெல்லாம் கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு முகாமுக்கு 900 டாலர் ஆனது, அங்கும் அதே கதைதான். முகாம் அழைப்பு என்பது தேர்வுக்கான அழைப்பு அல்ல, பெரும்பாலும் விளம்பரம். ஜூன் 15-க்கு முன்பே பயிற்சியாளர்கள் அனுப்ப விதி அனுமதிக்கும் சிலவற்றில் முகாம் விளம்பரமும் ஒன்று என்பதால்தான் அது எல்லோருக்கும் வருகிறது. ஒரு பயிற்சியாளர் ஏற்கெனவே உங்களோடு கடிதத்தில் பேசி, உங்கள் காணொளியைப் பார்த்து, நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொன்னால் போகலாம். அதற்கு முன்பு வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்பின் அக்டோபரில் நானே எழுதத் தொடங்கினேன். முதலில் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம், நான் எப்படித் திருச்சியில் தொடங்கினேன், விளையாட்டு எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்றெல்லாம் நீளும். நாற்பது பேருக்கு அனுப்பி, ஒருவர்தான் பதில் எழுதினார். பிறகு எங்கள் பள்ளியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர், பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, “பள்ளி முடிக்கும் ஆண்டு எங்கே? எவ்வளவு தாண்டுவாய் என்பது எங்கே?” என்று இரண்டே கேள்விகள் கேட்டார். அதன் பின் பொருள் வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, விளையாட்டு, சிறந்த பதிவு ஆகியவற்றை வைத்தேன். உள்ளே ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண், படிக்க விரும்பும் துறை, வரும் போட்டிகளின் தேதிகள், காணொளி இணைப்பு, அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தேன் என்று இரண்டு உண்மையான வரிகள், அவ்வளவுதான். காணொளியில் இசை, எழுத்து எதுவும் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஓட்டத்தின் தொடக்கம் முதல் மணலில் விழுவது வரை வெட்டாமல் எடுத்த நான்கு தாண்டல்கள் போதும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது இரண்டாவது அடியில் இடுப்பு எவ்வளவு தாழ்கிறது என்பதைத்தான். தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும் எழுதாமல், தாண்டுதலுக்குப் பொறுப்பானவருக்கும் எழுத வேண்டும். கடிதங்களை மாற்றிய பின் அறுபது பேரில் பதினொரு பேர் பதில் எழுதினார்கள்.

அதே காலத்தில் கற்ற இன்னொன்று, இதுவரை கற்றதிலேயே மிகப் பயனுள்ளது. கல்லூரித் தடகள முடிவுகள் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற தளத்தில் திறந்தே கிடக்கின்றன. ஒரு கல்லூரி எந்தக் கூட்டமைப்பில், அதாவது தங்களுக்குள் போட்டியிடும் எந்தக் கல்லூரிக் குழுவில், ஆடுகிறது என்று பார்த்து, அதன் இறுதிப் போட்டியில் எட்டாம் இடம் பெற்றவரின் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வழக்கமாக எட்டாம் இடம் வரைதான் புள்ளி கிடைக்கும். நம் பதிவு அந்த எட்டாம் இடத்துக்கு அருகில் இருந்தால் அந்தப் பயிற்சியாளருக்கு நாம் தேவைப்படுவோம், ஒரு மீட்டர் குறைந்தால் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் பயனில்லை. 2024 வசந்தத்தில் நான் 37 அடி 4 அங்குலம், அதாவது 11.38 மீட்டர் எட்டினேன். நான் கனவு கண்ட பெரிய கூட்டமைப்புகளில் எட்டாம் இடம் பன்னிரண்டரை மீட்டருக்கு மேல் இருந்தது. நான் எழுதிய டிவிஷன் 3 கல்லூரிகள் சிலவற்றின் கூட்டமைப்பில் 11.38 முதல் மூன்று இடங்களுக்குள் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாற்பது கல்லூரிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. பள்ளிப் போட்டிகள் பலவற்றில் காற்றுமானி (பின்காற்று தூரத்தைக் கூட்டியதா என்று காட்டும் கருவி) வைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். காற்றின் வேகம் பதிவான போட்டிகளில் ஆண்டுக்கு இரண்டிலாவது தாண்டிவிடுவது நல்லது.

படிப்புத் தகுதி பற்றியும் சொல்ல வேண்டும், புலம்பெயர்ந்த பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டிவிஷன் 1, 2 கல்லூரிகளில் ஆட என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பதினாறு அடிப்படைப் பாடங்கள் கணக்கிடப்படும், டிவிஷன் 1-க்கு அவற்றில் 2.3 ஜி.பி.ஏ. வேண்டும், அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வின் மதிப்பெண் இப்போது அந்த ஒப்புதலுக்குத் தேவையில்லை. ஆனால் பள்ளியில் தேர்ச்சி பெற்ற எல்லாப் பாடமும் கணக்கில் வராது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் வந்த புதிதில் என்னைப் போட்டது ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான வகுப்பில், அந்தப் பாடம் எங்கள் பள்ளிப் பட்டியலில் இல்லை. நான்கு ஆண்டு ஆங்கிலம் வேண்டிய இடத்தில் எனக்கு அரை ஆண்டு குறைந்ததை நான் கண்டுபிடித்தது பதினொன்றாம் வகுப்பின் ஏப்ரலில். கோடையில் 300 டாலர் கட்டி, ஏற்கப்பட்ட பாடம் ஒன்றை முடித்துச் சரிசெய்தேன். ஒன்பதாம் வகுப்பின் முதல் பாதிக்குத் திருச்சிப் பள்ளியின் மதிப்பெண் சான்றும் வேண்டியிருந்தது. சித்தப்பா மூன்று முறை அலைந்து, தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் வாங்கி அனுப்பினார். இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே ஒன்பதாம் வகுப்பு முதலான சான்றுகளை முத்திரையோடு இரண்டு பிரதிகள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இனி எனக்கு மிகவும் வலித்த பகுதிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து நடுத்தர அளவிலான டிவிஷன் 1 பல்கலைக்கழகம் ஒன்றின் தாண்டுதல் பயிற்சியாளர் என்னுடன் வாரம் ஒருமுறை பேசினார். அவர்களது கூட்டமைப்பில் எட்டாம் இடம் 11.60 மீட்டர் அளவில் இருந்தது, எனக்கு அது கைக்கெட்டும் தூரம். அவர் அன்பானவர், அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. “எங்கள் பட்டியலில் நீ மேலே இருக்கிறாய், உனக்கு ஓர் இடம் இருக்கும்” என்றார். செப்டம்பரில் கல்லூரிச் செலவிலேயே வரவழைத்து, இரண்டு நாள் தங்கவைத்து, அணியோடு சாப்பிடவைத்தார்கள். நான் வருகிறேன் என்று வாய்மொழியாகச் சொன்னேன், அவர் கட்டியணைத்து வரவேற்றார். உதவித்தொகையை எழுத்தில் தருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்ட் 1 முதல் விதி இடம் கொடுக்கிறது. ஆகஸ்ட் கடந்து செப்டம்பரும் கடந்தது, நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பாரோ, பெரியவரிடம் பணம் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவோ என்று தயங்கினேன். அதோடு, அதுவரை எனக்கு எழுதிக்கொண்டிருந்த மூன்று டிவிஷன் 3 பயிற்சியாளர்களுக்குப் பதில் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரிகூட எழுதாமல் விட்டதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

2024 அக்டோபரில், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்யும் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் முதற்கட்ட ஒப்புதல் அளித்தது. அதன் ஒரு பகுதியாக, உதவித்தொகைகளின் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பு போய், அணியில் இருக்கக்கூடிய மொத்த ஆட்களுக்கு வரம்பு வந்தது. சமரசத்தில் சேரும் கல்லூரிகளில் தடகள அணிக்கு 45 பேர். இறுதி ஒப்புதல் 2025 ஜூனில்தான் வந்தது என்றாலும், அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே பயிற்சியாளர்கள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிற கல்லூரிகளிலிருந்து மாறி வரும் மாணவர்களை எடுப்பதும் முன்னைவிட எளிதாகிவிட்டதால், பள்ளியிலிருந்து வருபவருக்கான இடம் அங்கேயும் சுருங்கியிருந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எண்ணிக்கை குறைகிறது, உனக்கு உறுதி சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன், வேறு வாய்ப்புகளையும் பார்த்துக்கொள் என்று மூன்று வரிகள். அதே வாரம் எங்கள் பள்ளியில், கல்லூரி அணிகளில் சேர்பவர்களுக்கான கையொப்ப விழா. மேசைமேல் கல்லூரித் தொப்பிகளை அடுக்கி, தோழிகள் பெற்றோரோடு உட்கார்ந்து கையொப்பமிட்டார்கள். நான் கூட்டத்தில் நின்று கைதட்டிவிட்டு, வாகன நிறுத்தத்தில் அப்பாவின் வண்டிக்குள் உட்கார்ந்து செய்தியைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “நாம் அவரிடம் எழுத்தில் எதுவும் வாங்கவில்லையே, அம்மா” என்றார். என்னைக் குறை சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை, ஆனால் அதைவிடச் சரியாக எதையும் சொல்லியிருக்க முடியாது.

வாய்மொழி உறுதி இரு பக்கத்தையும் கட்டாது. பயிற்சியாளரின் அன்பு உண்மையாக இருக்கலாம், ஆனால் அவர் கையில் இல்லாதவை பல, விதி, எண்ணிக்கை, அவருடைய வேலை உட்பட. அதனால் பேச்சு மூன்றாம், நான்காம் முறையை எட்டியதும் நேராகக் கேளுங்கள். என் பிரிவில் இந்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அதில் நான் எத்தனையாவது, எப்போது முடிவு செய்வீர்கள், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் எழுத்தில் வரும். நான் பின்னர் இந்தக் கேள்விகளைக் கேட்ட எந்தப் பயிற்சியாளரும் முகம் சுளிக்கவில்லை. மழுப்பியவர்கள் இருந்தார்கள், அந்த மழுப்பலையும் பதிலாகவே எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 1-க்கான முன்கூட்டிய விண்ணப்பத் தேதிகள் அதற்குள் போய்விட்டன. அன்றிரவே அந்த மூன்று டிவிஷன் 3 பயிற்சியாளர்களுக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இருவர், சேர்க்கை அலுவலகத்தில் தாங்கள் பரிந்துரைக்கக்கூடிய பெயர்கள் முடிந்துவிட்டன என்று மரியாதையாக எழுதினார்கள். மூன்றாமவர் மறுநாள் அழைத்து, மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்லி, அதைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்க்கும்படி செய்தார். இந்த முன்பார்வை பல டிவிஷன் 3 கல்லூரிகளில் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே கிடைக்கும், நான் நான்கு மாதம் தாமதமாக வந்திருந்தேன். இந்த முறை, எச்-4 மாணவரை உள்நாட்டு மாணவராகக் கணக்கிடுவீர்களா வெளிநாட்டு மாணவராகவா, படிப்புக்கான உதவித்தொகை எனக்கு உண்டா என்று நிதி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கினேன். தேவை அடிப்படையிலான உதவிக்கு அந்தக் கல்லூரி கேட்டது சி.எஸ்.எஸ். என்ற நிதி உதவி விண்ணப்பத்தை, அதை எச்-4 மாணவரும் நிரப்பலாம். ஆண்டுக்கு 68,000 டாலர் என்று அச்சிட்டிருந்த செலவு, கல்லூரியின் சொந்த உதவிகளுக்குப் பிறகு 31,000-க்கு வந்தது. இரண்டாம் சுற்று முன்முடிவு விண்ணப்பத்தில், கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும் என்பதால், அந்த எண்ணைப் பார்க்காமல் அப்பா கையொப்பமிட மறுத்தார். அவர் மறுத்தது சரி.

நான் சேர்ந்தது அந்தக் கல்லூரியில்தான். இங்கு என் பயிற்சியாளருக்கு உதவியாக, அணியைப் பார்க்க வரும் பள்ளி மாணவிகளை என் அறையில் தங்கவைக்கிறேன். பிப்ரவரியில் வந்த ஒரு பெண், இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்த பிறகு, “அவர் என்னை உண்மையிலேயே விரும்புகிறாரா?” என்று இருட்டில் கேட்டாள். எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு தாளில் அந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். காலைச் சிற்றுண்டியின்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பயிற்சியாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் தேதியோடு பதில் சொன்னார்.